அண்ணன் என்ன சொன்னார் என்றால்

படம், வீடியோ எல்லாம் சேமித்துவைக்கிற இந்த வீட்டுப் பெட்டிக்குப் பெரிய டிஸ்க் மாற்றுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை, மேடம். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். முன்பக்கத்தில் நான்கு அறைகள், அறைக்கு ஒரு டிஸ்க். தாழ்ப்பாளை அழுத்தினால் பழையது கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் புதியதைத் தள்ளிவிட்டால், மற்ற மூன்றும் தங்களிடம் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் புதியதை நிரப்பிவிடும். அது முடிகிறவரை அடுத்ததைத் தொடக் கூடாது. பொறுமை மட்டும் இருந்தால் போதும். எனக்குப் பொறுமை உண்டு. திக்குவாய்க்காரனுக்கு வேறு வழியில்லை.

நீங்கள் கேட்டது டிஸ்க்கைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணன் போனபிறகு இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் அண்ணியின் கையைப் பிடித்து அழுதார்கள், என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் என் எதிரில் உட்கார்ந்து, "அன்னைக்கு போன்ல பொண்ணுகிட்ட அவர் என்னதான் சொன்னார்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அண்ணி உள்ளே கண்ணயர்ந்திருக்கிறார். மெதுவாகச் சொல்கிறேன்.

அண்ணனை நீங்கள் நோயாளியாக மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் அவர். மைக் வைத்துக்கொள்ள மாட்டார். மூட்டை மேல் ஏறி நின்று "ஒரு தரம்" என்றால், கொட்டகையின் அந்தக் கோடியில் லாரிக்கு அடியில் படுத்திருக்கும் டிரைவர் எழுந்து உட்காருவார். வெங்கலம் என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். வீட்டிலும் அதே தொண்டை. உப்பு கேட்டாலும் ஊருக்கே கேட்கும். "இங்க யாரும் ஏலம் எடுக்க வரல, மெதுவா கேளுங்க" என்று அண்ணி காதைப் பொத்திக்கொள்வார்.

எனக்கும் சேர்த்து அவர்தான் பேசினார். கடையில், பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம், எங்கேயும். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு நான் முழித்துக்கொண்டு நிற்பேன். தோளில் ஒரு கை விழும். "தம்பி என்ன சொல்ல வர்றான்னா…" என்று ஆரம்பிப்பார். நான் சொல்ல நினைத்ததைவிட அழகாகவே சொல்லி முடிப்பார். படித்து முடித்ததும் எனக்கு வேறு ஊரில் ஒரு நல்ல வேலை கிடைத்தது. எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று கேட்டு அந்தக் கம்பெனியிலிருந்து போன் செய்தார்கள். "அடுத்த வாரம்" என்பதுதான் என் பதில். நான் "அ" என்ற எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் போனை வாங்கி, "தம்பி என்ன சொல்ல வர்றான்னா, அவனுக்கு எங்களை விட்டுட்டு வர மனசில்லைங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சரிதானேடா?" என்றார். நான் தலையாட்டினேன்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எல்லாம் பாசத்தில் செய்தது. இந்த ஊரிலேயே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அண்ணன் வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்டேன். யாராவது என் கல்யாணப் பேச்சை எடுத்தால், "அவனுக்கு அதுல நாட்டமில்லீங்க" என்று அவரே முடித்துவைப்பார். எனக்கு நாட்டம் இருந்ததா இல்லையா என்று நானே யோசித்துப் பார்த்ததில்லை. சொல்லத்தான் ஆள் இருக்கிறாரே.

அவருடைய வியாதி நாக்கிலிருந்து தொடங்கியது. "மூணு தரம்" என்பது வழுக்கிக்கொண்டு விழுந்தது. காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று மார்க்கெட்டில் பேச்சு. பிறகுதான் டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னார். நாக்கு, கை, கால், மூச்சு என்று ஒவ்வொன்றாக அடங்கும் என்றார். அதற்கப்புறம்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்க நீங்கள் வந்தீர்கள். குரல் இருக்கும்போதே பதிந்துவைத்தால், பேச்சு நின்றபின் அவர் குரலிலேயே மெஷின் பேசும் என்றீர்கள். இந்த வீட்டில் அன்றுதான் பல நாளுக்குப் பிறகு யாரோ சிரித்த சத்தம் கேட்டது.

எதிரொலி வரக் கூடாது என்று அவரைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, புடவைகளுக்கு நடுவே பதிவு செய்தோம். "மார்க்கெட்டையே கட்டி ஆண்டவனை அலமாரில போட்டுப் பூட்டிட்டீங்களேடா" என்பார். நீங்கள் கொடுத்த வாக்கியங்களை வாசித்தார். அது போதாதென்று தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். அண்ணியைக் கூப்பிடும் விதம். மகளை "சிட்டு" என்று அழைக்கும் விதம், அதில் கோபமாக ஒன்று, கொஞ்சலாக ஒன்று. ஏலக் கூச்சல். நாக்கு ஒத்துழைக்கிற காலை வேளைகளாகப் பார்த்து மாதக்கணக்கில் பேசினார். அத்தனையும் பெட்டிக்குள் போயிற்று. வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கிறதா என்று நீங்கள் என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கும். "பெட்டியிலயே பத்திரமா இருக்கு மேடம், ஒரு டிஸ்க் போனாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அப்போது அது உண்மை. என் மனதில் அப்போது எதுவும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

நீங்கள் எல்லாவற்றையும் முடித்து மொத்தமாக அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இருமலையும் மௌனத்தையும் வெட்டி ஒழுங்குபடுத்துகிற வேலை என்னுடையது. அதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது. அண்ணன்தான் சொன்னார், "பெருசா வாங்கிப் போட்டுடுடா. எடம் பத்தலன்னு என் பேச்சை எதையும் அழிச்சுடாதே." அந்தச் சமயத்திலேயே அவர் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. வெளியாட்களுக்குப் பாதி புரியாது.

புதிய டிஸ்க்குகள் வந்தன. முதலாவதை மாற்றினேன். அது நிரம்புகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிக் கட்டுப் பதிவுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தானாகச் சேர்த்துக்கொண்ட வாக்கியங்கள். "தலகாணியக் கொஞ்சம் தூக்கு." "ஃபேனைக் குறை." "சிட்டு சாப்டாளா?" அதற்கு அடுத்து அது வந்தது.

"தம்பி என்ன சொல்ல வர்றான்னா…"

சாகிறவரை தனக்குத் தேவைப்படும் என்று நினைத்த வாக்கியங்களோடு இதையும் சேர்த்துப் பதிந்திருந்தார். ஒரு தடவை இல்லை. சிரிப்போடு ஒன்று, அதட்டலாக ஒன்று, ரகசியமாக ஒன்று. தான் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் தம்பி யாரிடமும் தவித்து நிற்கக் கூடாது என்ற கரிசனம். எனக்கு அது அப்போதே புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

முதல் டிஸ்க் நல்லபடியாக நிரம்பியது. இரண்டாவதை மாற்றினேன். அது நிரம்பிக்கொண்டிருந்தது. நான் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கில் ஒன்று இல்லாவிட்டால் மற்றவை சமாளிக்கும். இரண்டு இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. கையை நீட்டி மூன்றாவதன் தாழ்ப்பாளை அழுத்தினேன். அது வெளியே வந்தது. பெட்டி கத்தத் தொடங்கியது.

"என்ன சத்தம் தம்பி?" என்று அண்ணி சமையலறையிலிருந்து கேட்டார்.

"ஒ… ஒண்ணுமில்ல அண்ணி."

கை தவறிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாள் அதை நம்பவும் செய்தேன். பதிவுகள் மட்டும் போகவில்லை, பாருங்கள். சிட்டுவின் கல்யாண வீடியோ, எங்கள் அம்மாவின் ஒரே வண்ணப் படம், என் படிப்புச் சான்றிதழ்களின் நகல் எல்லாமே அதில்தான் இருந்தன. எனக்கும் நஷ்டம்தான். வேண்டுமென்று செய்கிறவன் தன் அம்மாவின் படத்தையா பறிகொடுப்பான் என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். பறிகொடுத்தால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்திருந்தன.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது. அவர் குறுக்கிடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாக்கியத்தை நானே முடித்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து அழுதார். அண்ணன் என்னைப் பார்த்து, குழறிக் குழறி, "பெட்டிதானேடா. நீ அழாதே" என்றார். அழுதுகொண்டிருந்தேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இதுவரை நடந்ததை ஒரு நிமிஷத்துப் புத்திக்கேடு என்று சொல்லலாம். நீங்கள்கூட மனமிரங்கி அப்படிச் சொல்வீர்கள். அடுத்ததற்கு அந்தச் சலுகை இல்லை.

அழிந்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிற கடை ஒன்று இருப்பதாக மார்க்கெட்டிலிருந்து யாரோ அண்ணியிடம் சொன்னார்கள். உண்மையில் கடைக்கே போயிருக்கத் தேவையில்லை. நான் கழற்றிவைத்த பழைய டிஸ்க்குகளிலேயே எல்லாம் இருந்தன. வரிசையாகத் திரும்ப மாட்டிக் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் அண்ணனின் குரல் வந்திருக்கும். அண்ணி கேட்டதும், "நானே கட்டிக் கொ… கொடுத்தனுப்புறேன்" என்றேன். அந்தச் சனிக்கிழமை பெட்டியில் மிச்சமிருந்த நான்காவதையும் கழற்றி, நான்கு பழைய டிஸ்க்குகளையும் மேஜை மேல் வைத்து, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்ஜியத்தால் எழுதினேன். கை தவறி அப்படிச் செய்ய முடியாது. நாள் பூராவும் பிடிக்கும். எந்த நிமிஷத்திலும் நிறுத்தலாம், நிறுத்தியவரை மிச்சம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் சூடாகாமல் இருக்க ஃபேனைத் திருப்பிவைத்தேன்.

நான் மீட்கப் பாடுபடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அண்ணி டீ கொண்டுவந்தார். "உடம்பைக் கெடுத்துக்காதீங்க தம்பி. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று சொல்லி டம்ளரை என் கையில் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அழித்ததைவிட அந்த டீயைக் குடித்ததுதான் பெரிய பாவம் என்று சில நாள் தோன்றும். இன்றைக்கும் அவர் டீ கொடுத்தால் என்னால் சூடாகக் குடிக்க முடியாது. ஆறவைத்து, ஆடை படிந்தபிறகு, மருந்து மாதிரி விழுங்குகிறேன்.

கடைக்காரர் எனக்குத்தான் போன் செய்தார். "சார், இதுல ஒண்ணுமே இல்ல. யாரோ வேணும்னே துடைச்சு எடுத்திருக்காங்க" என்றார். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். வீட்டில், முடியவில்லையாம் என்றேன்.

அதன்பிறகு அண்ணன் பேச்சு வேகமாகக் குழம்பியது. முதலில் சிட்டுவுக்குப் புரியாமல் போயிற்று. அவள் வெளியூரில் இருக்கிறவள், போனில்தான் கேட்பாள். அப்புறம் மார்க்கெட் ஆட்களுக்கு. கடைசியில் அண்ணிக்கே. எனக்கு மட்டும் புரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குக் கீழேயே இருந்தவன் இல்லையா. யாராவது வந்தால் அண்ணி என்னைத்தான் கூப்பிடுவார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். அண்ணன் ஏதோ முனகுவார். எல்லோரும் அவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

"அண்ணன் என்ன சொல்றார்னா…" என்று ஆரம்பிப்பேன்.

திக்கவில்லை, மேடம். ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. அவர் சொன்னதாகச் சொல்லும்போது தண்ணீர் ஓடுவதுபோல வார்த்தை வந்தது. நீங்கள் கவனித்தீர்கள். ஒருநாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "உங்களுக்குப் பேச்சு ரொம்ப நல்லா வருதே இப்பல்லாம்" என்றீர்கள். நான் சிரித்தேன். அன்று மாடிக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் சும்மா நகாசு வேலைதான். மார்க்கெட் கணக்குப்பிள்ளை வந்தபோது அண்ணன் எரிச்சலாக, "இவன் எதுக்கு வந்தான்" என்றார். "வந்ததுல ரொம்ப சந்தோஷம்ங்கிறார்" என்றேன். கணக்குப்பிள்ளை கண் கலங்கிப்போனார். அண்ணனும் சிரித்துவிட்டார். யாருக்கு நஷ்டம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. ஜன்னலைத் திற என்றால், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் என்பேன். அண்ணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னால், போய் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்பேன். அண்ணி பாவம், ராப்பகலாக உழைக்கிறவர். ஓய்வு அவசியம்தானே. அண்ணனுக்கு யோசிக்கத் தோன்றியிருந்தால் அவரே அதைத்தான் சொல்லியிருப்பார்.

நீங்கள் வேறு யாருடைய குரலிலோ பேசும் மெஷினைக் கொண்டுவந்தீர்கள். "யாரோ ஒருத்தன் குரல்ல என் பொண்ணுகிட்ட பேச மாட்டேங்கிறார்" என்றேன். நீங்கள் மறுபேச்சுப் பேசவில்லை, அவ்வளவு நியாயமான வாக்கியம் அது. கண்ணாலேயே காட்டிப் பேசும் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்தீர்கள். கண் எரிகிறது என்கிறார், அப்புறம் பார்க்கலாம் என்றேன். பலகை என் மாடி அறையில், பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. போகும்போது எடுத்துத் தருகிறேன், வேறு யாருக்காவது உதவும். அந்த இரண்டு தடவையும் அண்ணன் சொன்னது ஒரே வார்த்தைதான். "கொடு."

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

சிட்டு போன் செய்தபோது நீங்களும் அறையில் இருந்தீர்கள். நான்தான் போனை அண்ணன் வாயருகில் பிடித்திருந்தேன். "அப்பா, நான் கெளம்பி வரட்டுமா? ஆபீஸ்ல லீவு தர மாட்டேங்கிறாங்க, ஆனா நீங்க வான்னு சொன்னா எப்படியாவது வந்துடுறேன்" என்றாள். அண்ணன் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு வார்த்தை சொன்னார். நான் போனை என் பக்கம் திருப்பி, "வேணாம்மாங்கிறார். வேலையைக் கெடுத்துக்காதே, மெதுவா வாங்கிறார்" என்றேன்.

நீங்கள் என் பின்னாலேயே வெளியே வந்தீர்கள். "எனக்கென்னவோ அவர் 'வாம்மா'ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றீர்கள். "இல்ல மேடம், 'வேணாம்மா'ன்னார். நடுவுல வர்றது அவருக்கு இப்ப அமுங்கிடுது" என்றேன். "ஸாரி, உங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டது. நீங்கள் மன்னிப்புக் கேட்டது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். சிட்டு வந்தால் அவரோடேயே உட்கார்ந்திருப்பாள். நாலு நாளில் அவளுக்கும் அவர் பேச்சு பிடிபட்டுவிடும். ரத்த சம்பந்தம், பிடிபடாமல் இருக்குமா. அப்புறம் என் நாற்காலி எதற்கு. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் நினைத்தது இதை இல்லை. அவள் வேலை போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவள் வந்து சேர்ந்தபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். "அப்பாவே வேணாம்னு சொல்லிட்டாரே சித்தப்பா, நான் என்ன பண்ணுவேன்" என்று என் தோளில் விழுந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அண்ணன் சொன்னதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, எனக்காகப் பேசவோ வாய் வரவில்லை.

அவளிடம் இதை நானே சொல்கிறேன். உங்களிடம் சொல்லிப் பார்த்தது ஒத்திகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியிடமும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. அதுவும் நியாயம்தான்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அண்ணனுக்குத் தெரியாமல் நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் போவதற்கு முந்தின நாள், அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்த மத்தியானம், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாளை அழுத்தியது, பூஜ்ஜியம் எழுதியது, பலகையை ஒளித்தது, சிட்டுவிடம் சொன்னது எல்லாம். ஒவ்வொரு எழுத்திலும் திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். கடைசியில் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "போ" என்பது கேட்டது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "டா" என்பது கேட்டது.

"போகட்டும்டா" என்றுதான் சொன்னார், மேடம். நடுவில் வருவது அவருக்கு அமுங்கிவிடும்.